ஐப்பசியில் நட்ட கற்கள்

வாங்கம்மா, வாங்க. பாத்து, அந்தப் பலகை மேல கால வைக்காதீங்க, பாசி புடிச்சுக் கெடக்கு, வழுக்கிரும். கல்லுக்கு அந்தப் பக்கமாச் சுத்தி வாங்க. ஆங், அப்படித்தான். செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், இது என்ன கோயிலா? உக்காருங்க. நாக்காலி ஆடும், ஆனா விழாது. என்னை மாதிரிதான்.

சதுப்புக் கமிட்டியிலேருந்துதானே வர்றீங்க? மேல ரோட்டுல ஜீப்பு வந்து நின்னப்பவே எனக்குக் கேட்டுருச்சு. இங்க வேற சத்தம் ஏது, தவளையும் நானும்தான். நான்தான் குழந்தைவேலு. மனு போட்ட குழந்தைவேலு. உங்க பைல்ல மொதப் பக்கத்துல இருக்குற பேரு என்னோடது. அந்தப் பக்கத்த நான் கண்ணாடிப் பேப்பர் போட்டு ஒட்டி வச்சிருக்கேன், அந்தா செவத்துல தொங்குது பாருங்க, முருகன் படத்துக்குப் பக்கத்துல.

காப்பி போடட்டுமா? பால் கெடையாது, கடுங்காப்பிதான். வேண்டாமா? சரி, வேலைய முடிச்சிட்டுக் குடிங்க. இன்னைக்குக் கடைசி நாளுன்னு எனக்குத் தெரியும். இந்தச் சதுப்பும் பின்னால இருக்குற சோலையும் பாதுகாக்கப்பட்ட எடம்னு அரசாங்கம் அறிவிக்கப் போகுது. அதுக்கு முன்னால, ஆட்சேபனை இருக்குறவங்க ஆட்சேபனை சொல்லலாம், நடந்து போற பாதை, வண்டிப் பாதை ஏதாவது வேணும்னா பதிஞ்சு வச்சுக்கலாம்னு அறுபது நாளு குடுத்தாங்க. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுது. அதுக்கப்புறம் இந்த எல்லைக் கல்லுலேருந்து அம்பது மீட்டருக்குள்ள ஒரு வழியும் போட முடியாது. நான் சொன்னது சரியா? பாத்தீங்களா, தலையாட்டுறீங்க. பதினோரு வருசமா சட்டத்தத்தான் தின்னு சட்டத்தத்தான் குடிக்கிறேன்.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா வேணும். ரோடு. மேல ரோட்டுலேருந்து இந்த வாசல் வரைக்கும், ஒரு ஜீப்பு வர்ற அளவுக்கு. எரநூறு மீட்டர் இருக்குமா? அதான் நடந்து வந்தீங்களே, நீங்களே சொல்லுங்க. தாரு கேக்கல, சிமெண்டு கேக்கல. என் சம்சாரம் நாச்சியம்மா வீட்டுக்கு வரணும். அவ்வளவுதான். அவ ஆறு மாசமா மேல ரோட்டோரத்துல எங்க அண்ணன் வீட்டுல இருக்கா. இடுப்பெலும்பு ஒடஞ்சு ஆபரேசன் ஆயிருக்கு. வாக்கர் புடிச்சு நாலு எட்டு நடப்பா, அதுக்கு மேல முடியாது. வாசல் வரைக்கும் வண்டி வந்தாத்தான் வருவேன்னு சொல்லிட்டா. டாக்டரும் அதையேதான் சொன்னாரு, ஆனா டாக்டர் சொன்னத விட அவ சொன்னதுதான் எனக்கு உறைச்சது.

என்னது, ரோட்ட எதுவழியாக் கேக்குறேனா? நேரா சதுப்பு வழியாத்தான். வேற வழி எது இருக்கு? இருங்க, இருங்க, நீங்க என்ன கேக்கப் போறீங்கன்னு தெரியும். வந்த வழியப் பத்திக் கேப்பீங்க. அதுக்கு வர்றேன். மொதல்லேருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

எங்க அண்ணன் பேரு தண்டபாணி. எனக்கு ஆறு வயசு மூப்பு. அவன்னு சொல்றேனேன்னு பாக்காதீங்க, எதிர்மனுதாரர் எதிர்மனுதாரர்னு எழுதி எழுதி மரியாதை கொறஞ்சு போச்சு. அப்பா போனப்புறம் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பாகம் பிரிச்சோம். ரோட்டோரத்து வீடும் அந்தச் சரிவும் அவனுக்கு. சோலைய ஒட்டின இந்த வீடும் துண்டு நெலமும் எனக்கு. நடுவுல இருக்குற இந்தச் சதுப்புப் பள்ளம் ஆளுக்குப் பாதி. சீட்டுல வந்ததுக்குக் குத்தம் சொல்ல மாட்டேன். வாய் விட்டுச் சொல்ல மாட்டேன்.

ரெண்டு குடும்பமும் நல்லாத்தான் இருந்தோம். எங்களுக்குப் புள்ளைங்க இல்ல. அவன் பையங்க ரெண்டு பேரும் நாச்சியம்மா மடியிலதான் வளந்தானுங்க. இந்த நடையில உக்காந்துதான் சோறு தின்னானுங்க. இப்ப ரெண்டும் மீசை வச்சிருக்கு, என்னப் பாத்தா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போகுதுங்க.

பதினோரு வருசத்துக்கு முன்னால, ஒரு தை மாசம். டீக்கடையில நிக்கிறேன். கடைக்காரன் கேக்குறான், "என்னப்பா குழந்தைவேலு, ஒன் வீட்டு வாசலுக்கு ரோடு வருதாமே, எங்களுக்கு ஒரு டீ கெடையாதா?"ன்னு. எனக்கு ஒண்ணும் புரியல. எந்த ரோடுன்னு கேட்டேன். கடையே சிரிக்குது. அண்ணன் ஜேசிபிக்குச் சொல்லி வச்சிருக்கான். பள்ளத்துல ரெண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டித் தண்ணிய வடிச்சிட்டு, நடுவுல கல்லும் செம்மண்ணும் கொட்டி, அவன் வீட்டுலேருந்து என் வீட்டு வாசல் வரைக்கும் ரோடு போடப் போறான். கடைக்காரனுக்குத் தெரியும். பஞ்சாயத்துல தெரியும். பூசாரிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. என் பாதி நெலத்துலயும் போற ரோடு, என் வாசலுக்கு வர்ற ரோடு, எனக்குத் தெரியாது!

போய்க் கேட்டேன். "ஒனக்குச் சந்தோசமா இருக்கும்னு நெனச்சேண்டா. முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்"ங்கிறான். கேட்டீங்களா கதைய? நான் என்ன சின்னப் புள்ளையா, கண்ண மூடச் சொல்லி கையில முட்டாய் வைக்கிறதுக்கு?

அன்னைக்கே உக்காந்து கோர்ட்டுக்கு மனு எழுதினேன். நான் ஹைஸ்கூல் வரைக்கும் படிச்சவன், கையெழுத்து முத்து முத்தா இருக்கும். காட்டைக் காப்பாத்தணும்னுதாம்மா எழுதினேன். ஆமா. அதுக்காகத்தான். இது அபூர்வமான சதுப்புன்னு எழுதினேன். இதுலேருந்து கெளம்புற ஓடைதான் கீழ மூணு ஊருக்குத் தண்ணி குடுக்குதுன்னு எழுதினேன். வேற எங்கயும் இல்லாத செடி கொடி இருக்குன்னு எழுதினேன். நாலாவது பத்தியில, இதுல ஒரு கூடை மண்ணு கொட்டுனாக்கூட, ஒரு பலகைக் கல்லு பதிச்சாக்கூட, சதுப்பு செத்துப் போகும்னு எழுதினேன். உண்மையச் சொன்னா, அப்ப எனக்கு இதப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. மாடு எறங்குனா மாட்டிக்கிற சேறு, அவ்வளவுதான் தெரியும். மனுவுல கெட்டியா இருக்கட்டுமேன்னு எழுதினது.

கோர்ட்டு என்ன பண்ணுச்சு, ஒரு காலேஜ் புரொபசர அனுப்புச்சு. கண்ணாடி போட்ட ஒல்லி மனுசன். அவரு பேண்ட்ட மடிச்சு விட்டுக்கிட்டு எறங்குனாரு பாருங்க, எறங்குன பத்தாவது நிமிசம் ஓன்னு கத்துறாரு. பாம்புதான் புடுங்கிருச்சுன்னு ஓடுனேன். மண்டி போட்டு உக்காந்துக்கிட்டு, இத்துனூண்டு செவப்புச் செடி ஒண்ணக் காட்டுறாரு. பூச்சியத் தின்னுற செடியாம். எல மேல முத்து முத்தாப் பசை இருக்கு, கொசு வந்து ஒக்காந்தா அப்படியே மடக்கிருது. நான் பொறந்து வளந்த எடம்மா இது, நான் பாத்ததில்ல. அப்புறம் பாசியக் காட்டுனாரு. ஒரு கைப்பிடி அள்ளிப் புழிஞ்சாரு, ஒரு சொம்புத் தண்ணி வந்துச்சு. "ஐயா, இதுதான் ஒங்க மலையோட தண்ணித் தொட்டி, இந்தக் கருமண்ணு உருவாக ஆயிரக் கணக்கான வருசம் ஆகியிருக்கும்"னாரு. எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. கெட்டியா இருக்கட்டும்னு பொய்யா எழுதினேன், ஒண்ணு விடாம எல்லாம் நெசமா இருக்கு!

அதுலேருந்து நான் தெனம் பாக்குறேன். பங்குனியில மலையில எல்லா ஓடையும் காஞ்சு கெடக்கும், இங்கேருந்து மட்டும் ஒரு வெரல் கனத்துக்குத் தண்ணி போய்க்கிட்டே இருக்கும். காட்டுமாடு விடியக்கால வந்து கரையில நின்னு குடிக்கும், உள்ள கால வைக்காது. அதுக்குத் தெரியுது. சோலையில ஒருத்தன் வெறகுக்கு அருவாள எடுத்தான்னா நான் போய் நிப்பேன். உங்க காட்டு வாட்சரக் கேட்டுப் பாருங்க. இந்த மலையில இந்த எடத்த என்னளவுக்குக் காவல் காத்தவன் ஒருத்தன் உண்டா? அத எழுதிக்கங்க. எழுதுங்கம்மா.

தடை உத்தரவு கெடச்சது. ஜேசிபி திரும்பிப் போச்சு. நான் ஜெயிச்சேன். ஊருல ஒரு பய வாழ்த்துச் சொல்லல, அது வேற.

அடுத்துதான் கல்லு. எல்ல எதுன்னு அளந்து கல்லு நடச் சொன்னாங்க. சர்வேயர் வந்தாரு. நல்ல மனுசன். வந்தது ஐப்பசி மாசம், மழை பிச்சு ஊத்துது. அவரு சொன்னாரு, "இப்பத் தண்ணி விரிஞ்சு கெடக்குய்யா, பங்குனியில வந்து அளந்தா சரியான எல்ல தெரியும்"னு. நான் விடல. இப்பவே அளக்கணும்னு நின்னேன். ஏன்னு கேளுங்க. ஐப்பசியில தண்ணி எங்கெங்க நிக்குதோ அதெல்லாம் சதுப்புன்னு ஆயிரும். சரிவு பூராவும் அண்ணனோட பூண்டுத் தோட்டம். பாதித் தோட்டமாவது உள்ள வந்துரும்னு என் கணக்கு. எனக்குத் தெரியாம ரோடு போடுறவன், ஒரு பல்லு பூண்டு நடக்கூடக் கமிட்டியக் கேட்டு நடட்டும்!

அளக்குற மொற எப்படின்னா, ஒரு கம்பிய மண்ணுல அமுக்குவாங்க. ஒரு மொழம் எறங்கி, அந்தக் குழியில தண்ணி ஊறுச்சுன்னா அது சதுப்பு. எறங்கலைன்னா வெளிய. நான் முன்னால நடக்குறேன், சர்வேயர் பின்னால வர்றாரு, ஊரே கொடையப் புடிச்சிக்கிட்டு வேடிக்க பாக்குது. அண்ணன் தோட்டத்து வரப்புல நிக்கிறான். நேரா அவன் தோட்டத்துக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். கம்பிய அமுக்குனாங்க. டங்குன்னு நின்னுச்சு. தள்ளிப் போய் அமுக்குனாங்க. டங்கு. நானே வாங்கி என் பலத்த எல்லாம் போட்டு அமுக்குனேன். எறங்குவேனாங்குது. பூண்டுக்குத் தண்ணி நின்னா ஆகாதுல்ல, அழுகிரும். அதனால அவன் வருசா வருசம் மண்ண ஒசத்தி, வடிகால் வெட்டி, அடிமண்ணக் கெட்டிப்படுத்தி வச்சிருக்கான். அடமழையிலயும் பாயி விரிச்சுப் படுக்கலாம். எனக்கு அது தோணவே இல்ல. பூண்டு போடுற ஊருல பொறந்து, பூண்டத் தின்னு வளந்தவனுக்குத் தோணல பாருங்க!

சரி, திரும்புனோம். என் பக்கம் வந்தோம். கம்பி எறங்குது, எறங்குது, எறங்கிக்கிட்டே இருக்கு. நான் எங்க வடிகால் வெட்டுனேன், கேசுக்கு அலையவே நேரம் சரியா இருந்துச்சு. இந்த வாசப்படிக்கு நாலடி முன்னால வரைக்கும் எறங்கிருச்சு. சர்வேயர் என்னப் பாக்குறாரு. "ஐயா, இங்கயும் கல்லு நடவா? வீட்டு வாசலாச்சே, இத வேணா விட்டுட்டு வளைச்சுப் போட்டுக்கலாம்"னு மெதுவாக் கேட்டாரு. நான் வாயத் தொறக்கப் போறேன், வரப்புலேருந்து அண்ணன் கத்துறான், "டேய், வாசல விட்டுரச் சொல்லுடா!"ன்னு.

அவன் சொன்னதுக்கப்புறம் எப்படிம்மா விடுறது? கல்ல நடச் சொன்னேன். நட்டாங்க. நாச்சியம்மா நடையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. "வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டீங்க"ன்னா. பேசாம இருடின்னேன்.

பதினேழு கல்லு. வாசல்ல இருக்கே, இது பதினாலாவது.

அன்னையிலேருந்து நான் எது கேட்டாலும் ஒரே பதில். ரோடு வேணும்னு கமிட்டிக்கு எழுதிக் கேட்டேன், முடியாதுன்னு வந்துச்சு. சரி, வாசல்ல நாலு பலகைக் கல்லாவது பதிச்சுக்கிறேன், பொம்பளைங்க வழுக்கி விழுந்துரப் போறாங்கன்னு எழுதினேன். அதுக்கும் முடியாது. காரணம் என்னன்னு பாத்தா, 'மனுதாரர் தமது மனுவின் நாலாவது பத்தியில் தாமே தெரிவித்துள்ளபடி'ன்னு போட்டிருக்கு. நான் எழுதினதையே எனக்குத் திருப்பி அனுப்புறாங்க. ஆறு தடவ அனுப்பிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் படிக்கிறேன். நல்லாத்தான் எழுதியிருக்கேன், ஒரு ஓட்டை இல்ல. இப்ப நானே அத ஒடைக்க முடியாம கெடக்குறேன்.

அப்புறம்தான் இந்தப் பலகையப் போட்டேன். பலகைக்குச் சட்டத்துல தடை இல்ல, மண்ணுல பதிக்காம சும்மா வச்சாப் போதும். போன ஐப்பசியில அதுல பாசி புடிச்சிருச்சு. நாச்சியம்மா காலையில தண்ணிக் கொடத்தோட கால வச்சா. ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. ஓடி வந்து பாத்தா, கெடக்குறா. தூக்கப் போனேன், தொடாதீங்கன்னு அலறுறா. இந்தக் கல்லு மேல இடுப்பு மோதியிருக்கு. இந்தக் கல்லுதான்.

நான் யாரையும் கூப்புடலம்மா. அவ கத்துன சத்தத்துக்கே மேலேருந்து வந்துட்டானுங்க. அண்ணன் பையங்க ரெண்டு பேரு, டீக்கடைக்காரன், இன்னொருத்தன். கம்பளிய மூங்கில்ல கட்டி டோலி பண்ணி, அவள ஏத்திக்கிட்டு, வரப்பு மேல நடந்தானுங்க. அண்ணன் தோட்டத்து வரப்பு. நீங்க இப்ப வந்தீங்களே, அதே வரப்பு.

நான் சதுப்புல எறங்கி நடந்தேன்.

ஏன்னு கேக்குறீங்க. பதினோரு வருசமா நான் அந்த வரப்புல கால வச்சதில்லம்மா. போஸ்ட்மேன் அதுல வருவாரு, ஆடு வரும், நாச்சியம்மா போவா வருவா. நான் சேத்துலதான் போவேன், சேத்துலதான் வருவேன். எதிர்மனுதாரரோட நெலத்துல நான் நடந்தேன்னா அத ஒரு ஆதாரமாக் காட்டிருவாங்கன்னு வக்கீல் ஒருக்கச் சொன்னாரு. கேசு முடிஞ்சு போச்சுதான். ஆனாலும் பழகிருச்சு. அன்னைக்கு மேல வரப்புல டோலி போகுது, கீழ முழங்காலு சேத்துல நான் ஓட்டமும் நடையுமா வர்றேன். வலியில கத்திக்கிட்டு இருந்தவ, தலையத் திருப்பி என்னப் பாத்தா. கத்துறத நிறுத்திட்டாம்மா. என்னையே பாத்துக்கிட்டு வந்தா. அந்தப் பார்வை இருக்கே, அதுக்கு இந்த மண்ணு வாய் பொளந்து என்ன முழுங்கியிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலேருந்து நேரா அவங்க வீட்டுக்கே போயிட்டா. மதினிதான் குளிப்பாட்டி விடுறா, தலை சீவி விடுறா. நான் பாக்கப் போகாம இல்ல. செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் போவேன். உள்ள போக மாட்டேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பஸ் நிக்கிற எடத்துல நிப்பேன். அவ வாக்கரப் புடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் வருவா. நடுவுல ரோடு. பஸ்சு வந்துச்சுன்னா பேச்சு நின்னு போகும்.

"சாப்புட்டீங்களா?"ம்பா. சாப்புட்டேம்பேன். "என்ன கொழம்பு?"ம்பா. நான் பஸ்சு வருதான்னு எட்டிப் பாப்பேன்.

போன வெள்ளிக்கிழமை சொன்னா, எங்க அண்ணன அவ மாமான்னுதான் சொல்லுவா. "இந்தாங்க, கேளுங்க. மாமா தோட்டத்து ஓரமா எட்டடி விடுறேன்னு சொல்லிட்டாரு. ஜீப்பு போகுமாம். கல்லுக்கு வெளியதான் இருக்காம், ஒரு மரம் வெட்ட வேண்டாம், சதுப்புல ஒரு பிடி மண்ணு விழாது. கமிட்டியில பதிஞ்சா முடிஞ்சு போச்சு. ஒரு கையெழுத்துதாங்க. சதுப்பும் நிக்கும், நானும் வந்துருவேன்."

நான் என்ன சொன்னேன்? அவங்கிட்டப் பிச்சை எடுத்து வர்ற வழியில நீ வர வேண்டாம், நான் நேரா ரோடு வாங்கித் தர்றேன்னேன். அவ சிரிச்சா. ஆறு மாசத்துல அன்னைக்குத்தான் சிரிச்சா. "மாமா ஒங்களப் பத்தி என்ன சொல்றாரு தெரியுமா? தம்பி அன்னைக்குத் தடுத்தது நல்லதாப் போச்சு, பள்ளத்த வடிச்சிருந்தா பங்குனியில என் பூண்டுக்கே தண்ணி இருந்திருக்காதுங்கிறாரு"ன்னா. கேட்டீங்களா? தோத்தவன் தோத்த மாதிரி இருக்க வேண்டாமா? நன்றி சொல்றானாம், நன்றி!

என்னம்மா பையிலேருந்து எடுக்குறீங்க? ஓ. அதுதானா? அவன் குடுத்துட்டானா? எப்ப குடுத்தான்? காலையில ஆபீசுக்கே வந்து குடுத்துட்டானா, நொண்டிக் கால வச்சிக்கிட்டு. குடுங்க பாப்போம். கண்ணாடி இங்கதான் இருக்கு. 'எனது தோட்டத்தின் ஓரமாக எட்டு அடி அகலத்தில், என் தம்பி குழந்தைவேலு குடும்பத்தார் வாகனத்தில் போய் வர, எந்தப் பிரதிபலனும் இல்லாமல் முழு மனதுடன் சம்மதிக்கிறேன்.' கையெழுத்து. கோணலும் மாணலுமா, எப்பவும் போல. கீழ என் பேருக்கு எடம்.

நிபந்தனை ஒண்ணும் இல்லையா? பின்பக்கம் பாத்தீங்களா? மனுவ வாபஸ் வாங்கணும்னோ, மன்னிப்புக் கேக்கணும்னோ, ஒண்ணும் போடலையா? போட்டிருந்தா வக்கீல வச்சு ஒரு கை பாத்துருக்கலாம். ஒண்ணுமே கேக்காதவங்கிட்ட என்னத்த எதுக்குறது? அவன் அந்த எட்டடிய இப்படிச் சும்மா தூக்கிக் குடுத்தா, பதினோரு வருசம் நான் சேத்துல நடந்தது என்னாவுறது? சொல்லுங்க.

நீங்க சொல்றது புரியுதும்மா. சதுப்பு வழியா ரோடு எந்தக் காலத்துலயும் கெடைக்காது. தெரியும். நான் மனு போடாட்டிக்கூடக் கெடைச்சிருக்கக் கூடாது, அதுவும் தெரியும். புரொபசர் அள்ளிக் காட்டுன தண்ணி இன்னும் என் கையிலயே இருக்குற மாதிரி இருக்கு. நானே குறுக்கப் படுத்துத் தடுப்பேன், ஜேசிபி வந்துச்சுன்னா. ஆனா ரோடு வேணும். ரெண்டும் எப்படி ஆகும்னு கேக்குறீங்க. அதத்தான் நானும் ஆறு மாசமா ரோசன பண்றேன்.

எனக்கு அவ வேணும்மா. வெக்கத்த விட்டுச் சொல்றேன். இந்த வீட்டுல பேச ஆள் இல்ல. நீங்க வந்து ஒரு மணி நேரமாச்சு, நான்தான் பேசிக்கிட்டே இருக்கேன், பாக்குறீங்கள்ல? அவ இருந்தா இதுக்குள்ள நாலு தடவ என் வாய அடச்சிருப்பா. மனுசனுக்கு வாயடைக்க ஒரு ஆள் வேணும்.

மணி நாலாச்சா. ஆபீசுக்குப் போக முக்கா மணி நேரம் ஆகுமா உங்களுக்கு? ஆகும். பேனாவக் குடுங்க.

இது இல்ல, இந்தத் தாளு வேண்டாம். அத அப்படி வையுங்க. உங்க பைல்ல இன்னொரு தாளு இருக்குமே, ஆட்சேபனைத் தாளு. ஆமா, அதுதான். குடுங்கம்மா. இன்னும் நேரம் இருக்குல்ல, சட்டப்படி குடுக்கணும்ல? எனக்கு உரிமை இருக்கா இல்லையா?

எழுதுறேன், கேளுங்க. 'மேற்படி தண்டபாணி அவர்கள் அளித்துள்ள சம்மதம், என்னைக் கலக்காமலும் எனக்குத் தெரியாமலும் அளிக்கப்பட்டது. ஆகவே அதனை ஏற்கக் கூடாது என்று ஆட்சேபிக்கிறேன்.' இப்படிக்கு, குழந்தைவேலு. இடம், நாள். அம்புட்டுதான். தேதி போட்டு வாங்கிக்கங்க, எனக்கு ஒரு ரசீது வேணும்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? நீங்களும் அவள மாதிரியே பாக்குறீங்க.

போங்கம்மா, நேரமாகுது. வரப்பு மேலயே போங்க, அதுதான் காஞ்சிருக்கும். மேல அண்ணன் வீட்டு வாசல்ல நாச்சியம்மா வாக்கரப் புடிச்சுக்கிட்டு நிப்பா, ஜீப்பு வந்ததப் பாத்திருப்பா. என்னாச்சுன்னு கேப்பா. கையெழுத்துப் போட்டுட்டாருன்னு சொல்லுங்க. அது மட்டும் சொன்னாப் போதும். எந்தத் தாள்லன்னு கேட்டாள்னா, நீங்க ஒண்ணும் சொல்லாம ஜீப்புல ஏறிக்கங்க.